ஆம்பர் மேசையின் காலி நாற்காலிகள்

மேடையில் வீற்றிருக்கும் கழகத் தலைவர் சேக் தாவூது அவர்களே! முன்வரிசையில் இருக்கும், குலசிங்கம் அங்கிளின் துணைவியார் மனோரஞ்சிதம் ஆன்ட்டி அவர்களே, அவர்தம் மகன் யதீசன் அண்ணன் அவர்களே! ஆம்பர் கணினிப் பயனர் கழகத்தின் இந்நாள், முன்னாள், சொல்லாமல் ஓடிய உறுப்பினர்களே! செயலாளர் ரித்திக்கின் வணக்கம்.

ஆழ்ந்த வருத்தத்துடன் ஒரு செய்தியை அறிவிக்கிறேன். இந்த அரங்கத்தின் புரொஜெக்டர், மறைந்த நம் குலசிங்கம் அங்கிளின் மடிக்கணினியை யாரென்றே தெரியாது என்று சற்றுமுன் சொல்லிவிட்டது. சிகிச்சை பலனளிக்கவில்லை. எனவே படக்காட்சி இல்லை.

சிரிக்கலாம். அங்கிளும் சிரித்திருப்பார், பிறகு புரொஜெக்டரைத் திட்டியிருப்பார். ஆம்பரை ஒருநாளாவது குறை சொன்னாரா அவர்?

விண்டோஸும் இல்லாமல் மேக்கும் இல்லாமல் மூன்றாவதாக வந்த இயங்குதளம் ஆம்பர். அதைச் செய்த நிறுவனம் நான் பிறப்பதற்கு முன்பே மூடப்பட்டது. உலகம் நகர்ந்தது. செம்பவாங் கப்பல் பட்டறை அலுவலகத்தில் வேலை பார்த்த நம் அங்கிள் நகரவில்லை! கைவிடப்பட்ட பிழைகளை எல்லாம் வீட்டில் உட்கார்ந்து அவரே திருத்தினார். யாருக்காக? நமக்காக!

ஃபேரர் பார்க் உணவக மாடியில் ஞாயிறுதோறும் கூட்டம். கழகத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: ஆம்பரை விட்டுப் போகிறவர் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். அங்கிள் அதைக் குடித்துவிட்டு, "போயிட்டு வாங்க, நாற்காலி இங்கயேதான் இருக்கும்," என்பார். இருந்தது! கடைக்காரர் எடுக்க வந்தாலும் விடமாட்டார். கடைசியில் அங்கிள், தலைவர், நான் என மூன்று பேர்தான்; சுற்றிலும் காலி நாற்காலிகள்.

ஒருமுறை அவர் கைகழுவப் போனபோது, அவருடைய திரையில் விண்டோஸ் படத்தை வைத்துவிட்டேன். "அடேய், சாமி ரூமுக்குள்ள செருப்போட வந்திட்டியே!" என்று அலறினார். அன்றும் எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

சென்ற வாரம் அந்தக் குரல் நின்றுபோனது.

"அப்பா லேப்டாப்ப ஃபார்மட் பண்ணிடலாமா? யாருக்கு லா திறக்கத் தெரியும்?" என்று கேட்டார் யதீசன் அண்ணன். குடும்பப் படங்களும் அங்கிளின் குரல் பதிவுகளும் அதில் மட்டும்தான் இருக்கின்றன. அழித்தால் போயே போச்சு! விடுவேனா? "எனக்குத் தெரியும்! ஆம்பரின் வாரிசு நான்!" என்று முழங்கினேன்.

நேற்று அங்கிள் வீட்டில் வாரிசு அதன் முன்னால் உட்கார்ந்தார். வாரிசுக்கு வேர்த்தது. திரை அசையவில்லை. சமையலறையிலிருந்து ஆன்ட்டி வந்தார். "தள்ளு லா." இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினார். திறந்துகொண்டது.

"என்ன பாக்கிற? முப்பது வருஷமா அந்த மனுசன் இதப் பத்தியேதான் பேசினார். என் சமையல் குறிப்பெல்லாம் இதுலதான் இருக்கு. நீ எப்படிடா மறந்த?"

எப்படி மறந்தேன்?

அவையோரே, டிசம்பர் விடுமுறையிலிருந்து நான் விண்டோஸில் இருக்கிறேன். கேம் விளையாட. அங்கிளிடம் சொல்லவில்லை. சொன்னால் தேநீர் வாங்கித் தர வேண்டும். அவரும் அதைக் குடித்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்வார். அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆம்பரைக் காப்பேன் என்று சூளுரைக்க எனக்குத் தகுதி இல்லை. ஞாயிறுதோறும் ஆன்ட்டியிடம் கற்றுக்கொள்ள வருவேன். அது மட்டும் உறுதி. படங்கள் அந்தச் சின்னத் திரையில் ஓடுகின்றன; ஒவ்வொருவராக முன்னால் வந்து பாருங்கள்.

வாசலில் தேநீர் இருக்கிறது. என் செலவு. எல்லாரும் குடித்துவிட்டுப் போங்கள்.

ஆன்ட்டி, என் நாற்காலியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.