இடதுபக்கத்துப் பலகைகள்

— இதைக் கப்பல்னு வெளியில சொல்லிடாதீங்க மாமா. அஞ்சடி நீளத்துக்கு ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான்.

— கோணிக்கிச்சு மாப்ள. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நேராக்க முடியுமா?

— நான் கதவு, ஜன்னல் செய்யிறவன். பொம்மை ரிப்பேர் பண்ற ஆள் இல்ல. அக்கா வீட்டுக்காரராச்சேன்னு வந்தேன். அப்படி என்ன அவசரம்?

— வெள்ளிக்கிழமை நூலகத்துலேர்ந்து எடுத்துட்டுப் போக வர்றாங்க. வாசல்ல கண்ணாடிப் பெட்டி போட்டு வைக்கிறாங்களாம். ஆனா கோணலா இருந்தா வேண்டாம்னுட்டாங்க.

— அவங்களுக்காவது கண்ணு தெரியுதே. அக்கா போய் ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள உங்களுக்குக் கண்காட்சி கேக்குது. சரி, அந்த டார்ச்சைக் குடுங்க. பலகையை எப்படி ஒட்டினீங்க?

— இடதுபக்கம் முழுக்க முதல்ல. அது முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு வலதுபக்கம்.

— முழுக்கவா? அம்பது பலகையும் ஒரே மூச்சா?

— அம்பத்திரெண்டு.

— நல்லா இருக்கு கூத்து. இடதுல ஒண்ணு ஒட்டினா வலதுல ஒண்ணு ஒட்டணும். ஒரே பக்கமா ஒட்டிக்கிட்டுப் போனா, காயக் காயச் சட்டத்தை இழுக்காம என்ன பண்ணும்? முப்பது வருஷமா ஆபீஸ்ல ஃபைலை இங்கேருந்து அங்க தூக்கி வச்ச கைக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது.

— இருக்கட்டும். வழியைச் சொல்லு.

— இடதுபக்கத்தை மொத்தமா பேத்து எறியணும். ஆவி காட்டினா பசை விட்டுடும். சட்டத்தை நேராக்கி நானே புதுசா ஒட்டித் தர்றேன். ரெண்டு நாள் வேலை.

— வலதை எடு மாப்ள. இடதுல கை வைக்காதே.

— வலதை எடுத்து? இழுக்கிறது இடதுபக்கம். பல்லு வலிக்குதுன்னா காதைப் பிடுங்கச் சொல்றீங்க.

— இடதைத் தொட வேண்டாம். அதை எடுத்தாத்தான் ஆகும்னா நூலகமும் வேண்டாம்.

— ஏன், அதுல தங்கமா பூசியிருக்கு? இந்தப் பக்கம் வந்து பாருங்க. வலதுல ஆணி வரிசையாத்தான் இருக்கு. இடதுல ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. பசை வழிஞ்சு காஞ்சு கெடக்கு. தூங்கிக்கிட்டே அடிச்சீங்களா? இப்படி வேலை பாக்கிற ஆளை என் பட்டறையில பெருக்கக்கூட விடமாட்டேன்.

— போதும் மாப்ள.

— என்ன போதும்? அக்கா உடம்பு முடியாம கெடந்தப்போ இந்த வீட்டுல சுத்தியல் சத்தம் கேட்டுச்சுன்னு சொந்தக்காரங்க அத்தனை பேரும் பேசினாங்க. நான்தான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். இப்ப கேக்கிறேன், வெக்கமா இல்ல உங்களுக்கு?

— பேசினது காதுல விழுந்துச்சு. அவளும் கேட்டா.

— கேட்டும் நிறுத்தலையே நீங்க.

— ஆளுக்கொரு பக்கம்னு பேசித்தான் ஆரம்பிச்சோம். நான் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே போனேன். அவளுக்கு நாள் இல்லைன்னு தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள தன் பக்கத்தை முடிச்சிட்டா.

— யாரு, அக்காவா?

— உன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னா. தம்பி சிரிப்பான்னா.