ஒத்தைத் தோட்டுப் படம்

...இல்லீங்க மார்ட்டின் சார், நீங்க ஓவிய வாத்தியாரு, நாங் குறுக்க பேசப்படாது. ஆனாலும் முழுப் பொம்பளைய ஒக்கார வெச்சுப் பாதி மூஞ்சி வரையச் சொல்றது என்ன படிப்புங்க?

என்ற மக தனப்பிரியா சொன்னா, பரீட்சைக்கு ஒரு படமாம், அந்தக் காலத்து வெள்ளக்கார ஓவியர் ஒருத்தராட்டம் வெளிச்சமும் நெழலுமா வரையோணுமாம், நீ ஒக்காரும்மான்னா. நானும் பட்டுச்சீலை கட்டி, ரெண்டு காதுலயும் கல்லுத்தோடு போட்டு ஒக்காந்தேனுங்க. அவ சன்னலயெல்லாஞ் சாத்திப்போட்டு ஒரே ஒரு லைட்டு போட்டா. எடப்பாடி வெயிலு தெரியுமில்லீங்க... வேர்த்து ஊத்துது. மூக்கு அரிச்சாச் சொறியவும் உடல.

கடைசீல பாத்தா ஒரு கன்னந்தானுங்க இருக்குது. இன்னொன்னு கரி. தோடும் ஒண்ணுதான். பங்காளி ஊட்டுக்காரிக பாத்தா, மத்தது அடகுல கெடக்குதும்பாளுக. கேட்டா, 'நெழல்ல இருக்குதும்மா'ங்கறா. நெழல்ல இருக்கறது எவ கண்ணுக்குங்க தெரியும்?

சித்த இருங்க சார், எந்திரிக்காதீங்க, படத்தச் சுத்துன சாக்க அவுத்துக் காட்டறேன்.

அவ சினேகிதப்புள்ள கல்யாணத்துக்குப் போயிருந்தாளுங்களா... லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற ரங்கன் எங்க தெருதான். இந்தப் பக்கமும் கொஞ்சம் வெளிச்சம் பண்ணுப்பான்னு குடுத்துட்டேன். கன்னத்துக்கு ரோஸு போட்டான், தோட்டுக்குச் செவப்புக்கல்லு வெச்சான். அப்பறம் எடம் சும்மா கெடக்குதேன்னு ரெண்டு கிளி, ஒரு தாமரை. கிளி அவனாப் போட்டதுங்க. தாமரை மட்டுந்தான் நாங் கேட்டது.

ஏனுங்க, தலையில கைய வெச்சுக்கிட்டீங்க?

அவளும் இப்படித்தானுங்க பண்ணுனா. வைஞ்சிருந்தா நானும் திருப்பி வைஞ்சிருப்பேன். அவ அழுதுட்டாளுங்க. சோறு தண்ணியில்லாம வரைஞ்ச புள்ள... எனக்குத் தாங்கல. இன்னைக்குப் படத்தக் குடுக்கலீன்னா ஒரு வருசம் போயிரும்ங்கறா, ஆனா இதத் தூக்கிட்டு வர மாட்டேன்னு படுத்துக்கெடக்கறா. அதான் நானே பஸ்ஸேறி வந்தேன்.

பாதிதானுங்க என்ற வேலை. என்ற பாதிக்கு முட்டை போடுங்க, அவ பாதிக்கு மார்க்கப் போடுங்க. இருங்க, முந்தானையில கிளிப்பக்கத்த மறைச்சுப் புடிக்கறேன்...

இப்பப் பாருங்க சார்.

அட... நாந்தானுங்களா இது? நல்லாத்தானுங்க வரைஞ்சிருக்கறா.