இரண்டு தட்டு

என் கைகள் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், ஐயா. குளிர்காலத்திலும் அப்படித்தான். இந்த வேலைக்கு அது பெரிய வசதி. ஜில்லென்ற கை பட்டால் தசை சுருங்கிக்கொள்ளும். என் கை பட்டால் அரை நிமிடத்தில் இளகிவிடும். பத்தொன்பது வருடமாக ஓட்டக்காரர்களின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறேன். கழுத்தில் தொங்கும் அட்டையில் தேசிய அணியின் பிசியோ என்று போட்டிருக்கும். என் மனைவியின் தம்பி அதைக் கால் அமுக்கும் உத்தியோகம் என்பான். உட்காருங்கள். அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், சுவரோரமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. ரப்பரின் தொடையில் கல் பட்ட பிறகு, அணி டாக்டர் எழுதிக்கொடுத்த தாளை நான் படித்தேனா இல்லையா என்பது. படித்தேன். இரண்டு தடவை படித்தேன். ஆனால் அதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் தெரியும்.

ரப்பர் என்பது நான் வைத்த பெயர். நானூறு மீட்டர் ஓடுகிறவன். இருபது வயதில் முதல் தடவையாக இந்த மேஜையில் வந்து குப்புறப் படுத்தான். அப்படியொரு சதையை நான் அதுவரை தொட்டதில்லை. இழுத்த பக்கமெல்லாம் வந்தது. விட்டால் பழையபடி போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு வைத்த பெயர் அணி முழுக்கப் பரவிவிட்டது. ஆறு வருடம் அவன் கால்களை வேறு யாரும் தொட்டதில்லை, நானும் தொடவிட்டதில்லை.

உலகப் போட்டியின் இறுதி ஓட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர் யார்? கடைசி வளைவைத் தாண்டியபோது அவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவே நான்கு மீட்டர் இருந்தது. முடிவுக் கோட்டுக்குப் பதினைந்து மீட்டர் இருக்கும்போது தலையைப் பார்வையாளர் பக்கம் திருப்பி, வலது தொடையை இரண்டு தட்டு தட்டினான். ஓடிக்கொண்டே தொடையைத் தட்டினால் என்ன ஆகும்? தோள் ஒரு பக்கம் சாயும், அடி குறுகும். எட்டாவது பாதையில் வந்தவன் கோட்டின் மேல் நெஞ்சைக் கொடுத்து விழுந்தான். நொடியில் நூறில் இரண்டு பங்கு. தங்கம் போய்விட்டது.

நான் வீட்டுக்குச் சொல்வதற்காகப் போனைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். அப்படியே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. கீழே விழுந்து கிடந்த அந்த எட்டாவது பாதைக்காரனைத் தூக்கிவிட்டான். அவன் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினான். அவனுடைய கொடியை எடுத்து அவன் தோளில் ஒழுங்காகப் போர்த்திவிட்டு, சிரித்தான். தோற்றவனுக்கு என்ன சிரிப்பு, சொல்லுங்கள். பெருந்தன்மை என்று நாலு பேர் எழுதினார்கள். நாற்பது லட்சம் பேர் வேறு மாதிரி எழுதினார்கள்.

ஜனங்களைக் குறை சொல்ல மாட்டேன். தொடையைத் தட்டுவது என்றால் நம்மிடையே என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாடா பார்க்கலாம் என்று அர்த்தம். ஜெயிக்காமலே அப்படித் தட்டியவனை யார் மன்னிப்பார்கள்? அவன் நடித்த சோப்பு விளம்பரத்தை மறுநாளே எடுத்துவிட்டார்கள். அவனுடைய அப்பா தபால் அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருகிறவர். தபால்தலை வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் கவுண்டருக்கு முன்னால் நின்று தொடையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் வாங்கினார்களாம். நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மனிதர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்.

நாங்கள் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது வெளியே இருநூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். ஒருவரும் திட்டவில்லை. எல்லோரும் சேர்ந்து தொடையைத் தட்டினார்கள். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. நான் மருந்துப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ரப்பருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கத்துக் கதவு வழியா போயிடுங்க. உங்க மேல எதாவது வந்து விழப்போகுது" என்றான்.

நான் அந்தக் கதவு வழியாகவே போனேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் அதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பயிற்சிக்கு வந்தான். ஒரு நாள் காலையில் மேஜையில் படுத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டான்.

"அண்ணே, டிவியில பேட்டிக்குக் கூப்பிடுறாங்க. எதுக்குத் தொடையைத் தட்டினேன்னு கேப்பாங்க. சொல்லட்டுமா?"

"இப்ப என்ன சொன்னாலும் சாக்குச் சொல்ற மாதிரிதான் இருக்கும்டா" என்றேன். "அடுத்த போட்டியில ஜெயிச்சுட்டுச் சொல்லு. அப்பத்தான் மரியாதை."

"அதுவும் சரிதான். ஜெயிச்ச அன்னைக்கே மைக்கைப் பிடிச்சுச் சொல்லிடுறேன். அப்பா பாவம்ணே, தெருவுல தலையக் காட்ட முடியல."

அடுத்த போட்டி பதினொரு மாதத்தில் இருந்தது. அவன் ஜெயிப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தொடை என் கைக்குள் இருந்தது. அதன் பலம் என்னைவிட யாருக்குத் தெரியும்?

நான்கு நாள் கழித்துக் கல் விழுந்தது. எறிந்தவர் பழைய டயர் வியாபாரம் செய்கிறவர். கடையின் இரும்புக் கதவு முழுக்க ரப்பரின் படத்தைப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தவர். இறுதி ஓட்டத்தன்று கடைக்கு முன்னால் திரை கட்டித் தெருவுக்கே காட்டியிருக்கிறார். அவன் தோற்றதும் அந்தத் தெருவே அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. பயிற்சி மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்று எறிந்தார். பயமுறுத்தத்தான் எறிந்தேன் என்று பிறகு சொன்னார். அரைச் செங்கல். வலது தொடையில், சரியாக அவன் தட்டிய இடத்தில் வந்து பட்டது.

டாக்டர் பார்த்தார். எலும்பு முறியவில்லை, சதைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. மூன்று நாள் ஐஸ், பத்து நாள் முழு ஓய்வு, தொடையில் யாரும் கை வைக்கக் கூடாது, சூடு கூடவே கூடாது என்று எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு வேறோர் அணியுடன் வெளிநாடு போய்விட்டார். ஆறு வாரத்தில் ஓடிவிடுவான் என்றும் சொன்னார். அது சரியான கணிப்பு.

இந்தப் படிப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது, ஐயா. ரத்தம் கட்டிய சதையை விட்டுவிட்டால் தானாகக் கரையும். அதைப் பிசைந்தால், சூடு வைத்து மறுபடி பிசைந்தால், உள்ளே கசிவு நிற்காது. விடாமல் செய்துகொண்டே வந்தால் சில பேருக்குச் சதையின் நடுவே எலும்பு வளரும்.

நான் முதல் நாளே ஆரம்பித்தேன். வெந்நீர்ப் பை இருபது நிமிடம், பிறகு கட்டைவிரல் இரண்டையும் வைத்து அரை மணி நேரம். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பான். மேஜையின் விளிம்பைப் பிடித்திருக்கும் விரல்கள் வெளுத்துப்போகும்.

"டாக்டர் ஐஸ்னு இல்ல சொன்னாரு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

"அவர் பத்து நாள் படுக்கப் போடுவாரு. உனக்குப் போட்டி வேணுமா, படுக்கை வேணுமா?"

"நீங்க பாத்துக்குங்கண்ணே" என்று முகத்தை மேஜையில் புதைத்துக்கொண்டான்.

தினமும் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஐஸ், ஓய்வு என்று எழுதினேன். பத்தொன்பது வருடத்தில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். இரண்டாவது வாரக் கடைசியில் என் விரலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. கொட்டைப் பாக்கு அளவு இருக்கும். அன்றைக்கே நிறுத்தியிருந்தால் சரியாகியிருக்கலாம். இன்னும் மூன்று வாரம் பிசைந்தேன். முழங்காலை வலிய மடக்கவும் வைத்தேன். படம் எடுத்துப் பார்த்தபோது தொடைக்குள் விரல் நீளத்துக்கு எலும்பு நின்றது. ஒரு தடவை அறுத்தார்கள், மறுபடி வளர்ந்தது. இப்போது அவனால் முழங்காலைப் பாதிக்கு மேல் மடக்க முடியாது. படி ஏறும்போது அந்தக் காலைப் பக்கவாட்டில் வீசித்தான் ஏறுகிறான்.

கல்லால் வந்த வினை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. கல் விழுந்தது உண்மைதானே.

வழக்கு நடந்தபோது போயிருந்தேன். ரப்பர் கைத்தடியோடு வந்தான். கூண்டில் நின்ற டயர்க் கடைக்காரரிடம் நேராகப் போய்க் கையை நீட்டினான். அந்த மனிதர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நீதிமன்றம் என்றும் பாராமல் ஜனம் கைதட்டியது. நான்கு வருடச் சிறைத் தண்டனை என்னவோ குறையவில்லை. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ரப்பரின் படம். ஓடும்போது கிடைக்காத பெயர் நொண்டும்போது கிடைத்தது. தபால் அலுவலகத்தில் அவனுடைய அப்பாவுக்குச் சால்வை போர்த்தினார்களாம், தொடையைத் தட்டிய அதே ஆட்கள். அவனை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது யார் என்று ஒருவராவது யோசித்தார்களா? ஜெயித்திருந்தால் இன்னொரு திமிர் பிடித்த ஓட்டக்காரனாக இருந்திருப்பான். அவனைப் பெரிய மனிதன் ஆக்கியது என் கை.

அவன்தான் உங்களிடம் மனுக் கொடுத்தான் என்று கேள்விப்பட்டேன். டயர்க் கடைக்காரரை வெளியே கொண்டுவருவதற்காக வேறொரு டாக்டரிடம் அறிக்கை வாங்கியிருக்கிறான். கல் பட்டதால் மட்டும் இவ்வளவு வளராது என்று அந்த டாக்டர் எழுதிவிட்டார். அது உங்களை என்னிடம் கொண்டுவந்து நிறுத்தும் என்று அவனுக்குத் தோன்றியே இருக்காது. போன வாரம்கூட வீட்டுக்கு வந்து, என் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "அண்ணே, நீங்க எவ்வளவோ போராடினீங்க, என் சதைக்குத்தான் குடுத்து வைக்கல" என்றான்.

அவன் போன பிறகு என் மனைவி டம்ளரைக் கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அரையிறுதியில அவன் தொடையைத் தட்டினது நமக்காகன்னு போன் பண்ணிச் சொன்னீங்களே. அப்ப கடைசி ஓட்டத்துல தட்டினது யாருக்காக?"

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு அவளைக் கேட்பீர்கள். உலகப் போட்டிக்குக் கிளம்பும் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் நூறு பேருக்கு நடுவே அவள் தம்பி என்னைப் பார்த்து, "டிவியில கால் தெரியுது மாமா, அமுக்கின கை தெரியலையே" என்றான். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அதை மனதில் வைத்துக்கொண்டு அரையிறுதிக்கு முந்தின நாள் ரப்பரிடம் கேட்டேன். ஜெயிக்கும்போது என் பக்கம் பார்த்துத் தொடையை இரண்டு தட்டு தட்டு, இந்தக் கால் யார் கையில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். கோட்டைத் தாண்டியதும் தட்டுகிறேன் என்றான். தாண்டிவிட்டால் கேமரா எல்லோரையும் காட்டும், தாண்டுவதற்கு முன்னால் உன்னை மட்டும்தான் காட்டும், முன்னாலேயே தட்டு என்றேன். தட்டினான். பத்து மீட்டர் முந்தி வந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு மச்சான் என்னிடம் போனில் மரியாதையாகப் பேசினான்.

இறுதி ஓட்டத்தன்று காலையில், "இன்னைக்கும் தட்டணுமாண்ணே?" என்று கேட்டான். உன் இஷ்டம் என்றேன். மச்சான் இன்றைக்கு வீடு நிறைய ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறான் என்பதையும் சொன்னேன். ஒரு தகவலாகத்தான் சொன்னேன்.

இதை அவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவன் ஜெயித்து மைக்கைப் பிடித்துவிடுவானோ என்று பயந்து நான் அந்தச் சதையைப் பிசைந்ததாக நீங்கள் நினைக்கலாம். உங்கள் பேனா அங்கே நிற்பதைப் பார்த்தேன். அப்படி இல்லை. அவன் தொடையைக் கெடுத்தது நான்தான், தெரிந்தேதான் கெடுத்தேன், ஐந்து வாரமும் ஒரு வேளை தவறாமல் கெடுத்தேன். அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். டயர்க் கடைக்காரரை விட்டுவிடுங்கள், அவர் வெறும் ரசிகர்.

ஆனால் ஒன்றை மட்டும் பிசகில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் மனைவிக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன். அரையிறுதியில் அவன் தட்டியது எனக்காக. இறுதி ஓட்டத்தில் தட்டியது அவன் திமிர்.