மூன்று முறை கூப்பிட்டேன்

எனக்கு உட்கார்ந்து டீ குடிக்க வராது, ஐயா. நின்றபடி, கிளாஸைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக் குடித்தால்தான் இறங்கும். கால் ஓரிடத்தில் தரிக்காது. பிறவிக் குணம்.

அச்சகத்தில் எனக்குப் பதினொரு வருஷம். காகித உருளைகளை லாரியிலிருந்து இறக்கி மெஷினுக்கு உருட்டிக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொன்றும் இடுப்பு உயரம் இருக்கும், அரை டன் கனம். இத்தனை வருஷத்தில் வேலை முடிந்ததும் என்னை டீக்குக் கூப்பிட்டவர் ஒருத்தரும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை.

கூப்பிட்டவன் புது மெஷின்மேன். சேர்ந்த அன்றே சாயங்காலம் கேட்டில் எனக்காக நின்றான். "நாலு பேரைப் பழகிக்கணும்ணே. உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்" என்றான். எனக்கு யாரையும் தெரியாது. ஆனாலும் மை போடுகிறவரையும் பைண்டிங் அக்காவையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனேன். பத்து நாளில் அது வழக்கமாகிவிட்டது. மத்தியானத்திலிருந்தே மணி பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

டீ முடிந்ததும் அவனும் நானும் பஸ் நிறுத்தம்வரை நடப்போம். நான் எந்தப் பக்கம் போனாலும் சுற்றி வந்து என் இடப்பக்கமே சேர்ந்துகொள்வான். ஒருநாள் ஏன் என்று கேட்டேன். முன்னும் பின்னும் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"இடது காது சுத்தமா கேக்காதுண்ணே. சின்ன வயசுல போனது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, மெஷின்ல நிக்க விடமாட்டாங்க."

சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவன் நான்.

ஒரு வியாழக்கிழமை லாரி தாமதமாக வந்ததால் அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் கடைவாசலை அடைந்தபோது அவன் நடுவில் நின்றிருந்தான். கிளாஸைக் கை மாற்றினான். இரண்டு எட்டு முன்னால் வைத்தான், இரண்டு எட்டு பின்னால் போனான், கழுத்தை நீட்டி யாரையோ தேடினான். அச்சு அசல் நான். மை போடுகிறவருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. என் முன்னால் ஒருநாளும் பல்லைக் காட்டாத பைண்டிங் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "சும்மா தமாஷுக்குண்ணே" என்று தோளில் கை போட்டான். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் செய்தான்.

அப்புறம் தூக்கம் போயிற்று. படுத்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் நடப்பேன். "செருப்புத்தான் தேயும்னு பாத்தேன், உங்களுக்குத் தரையே தேயுது" என்றாள் என் மனைவி.

உருளையை விடுமுன் ஒரு குரல் கொடுக்க வேண்டும் என்பது அச்சகத்துச் சட்டம். அன்றைக்கு நான் மூன்று குரல் கொடுத்தேன். "உருளை வருது" என்று. மை போடுகிறவர் ஒதுங்கிவிட்டார். அந்தக் கோடியில் இருந்த பைண்டிங் அக்காவுக்கே கேட்டிருக்கிறது. உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள், பொய் இல்லை.

அவன் குனிந்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல காது, ஓடுகிற மெஷின் பக்கம். மற்றது என் பக்கம். மெஷினுக்கு இறங்கும் இரண்டு சரிவில் எப்போதும் நான் வலப்பக்கத்தில்தான் உருட்டுவேன். அன்று இடப்பக்கம் கொண்டுபோனேன். மூன்றாவது குரலுக்கும் அவன் திரும்பவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் உருளைக்கு முட்டாக வைத்திருந்த அடைக்கட்டையை உருவினேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். தகவல் வந்த அன்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். "உங்க மேல என்ன தப்பு, நீங்க கூப்பிட்டீங்கதானே" என்றார் பைண்டிங் அக்கா. சாயங்காலம் அவர்களே கையைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போனார்கள்.

அவன் மனைவி நேற்று உங்களிடம் காது விஷயத்தைச் சொன்னாளாம். வேலையிடத்தில் ஒரே ஒரு அண்ணனுக்குத்தான் அது தெரியும் என்றாளாம். அது யார் என்று நீங்கள் ஆளாளுக்குக் கேட்டு அலைய வேண்டாம். நான்தான். தெரிந்துதான் செய்தேன்.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அத்தனை பேர் இருந்தும் அவன் என்னிடம்தான் சொன்னான். அந்த அச்சகத்தில் அவனுக்கு என்னைவிட வேண்டப்பட்டவர் யாரும் இல்லை.