முருங்கைக்குக் கெழக்கால

— பீர்க்கை பந்தலேறிருச்சுங்களாக்கா? எட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியலை, வேலிமுள்ளு மூஞ்சியில குத்துது.

— ஏறிருச்சு, ஏறிருச்சு. மெதுவாப் பேசு நாச்சி. எங்க ஊட்டுக்காரங்க, அதான் தெய்வாத்தா அய்யன், சூலூருக்குச் சுண்ணாம்பு பாக்கப் போயிருக்காங்க, எந்நேரம் வேணா வந்துருவாங்க. தம்பி பொண்டாட்டிகூட நான் வேலியோரம் நின்னு பேசறதைப் பாத்தாங்கன்னா அப்புறம் ஊடு ஊடா இருக்காது.

— எங்க ஊட்டுக்காரங்க மட்டும் என்னவாமா? 'அண்ணன் ஊட்டுப் பக்கம் திரும்பாதே'ன்னு வெடியால மில்லுக்குப் போறப்பக்கூடச் சொல்லிப்போட்டுத்தான் போனாங்க. ரெண்டு மணிச் சங்கு ஊதுனாத்தான் வருவாங்க. அது வரைக்கும் நம்ம ராஜ்ஜியந்தானுங்க.

— என்னத்தைச் சொல்ல. ஒரே வட்டல்ல சோறு தின்ன அண்ணந்தம்பி. தையில கெணத்துத் தண்ணி முறைக்குன்னு ஒரு வார்த்தை தடிச்சுது, பொங்கப்பானை ஆறறதுக்குள்ள பாகம் பிரிச்சாச்சு. செரி, உன்ற பொடலை என்னாச்சு?

— நாலு பிஞ்சு உட்டிருக்குதுங்க. ஒண்ணு பாம்பாட்டச் சுருண்டுக்கிட்டு நிக்குது. அதா, அந்த மூலையில...

— அட, வெரலைச் சுட்டாதே! பிஞ்சைச் சுட்டிக் காட்டுனா வெம்பிப்போகும். நுனியில ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்க உடு, நேரா எறங்கும். இலையில பேன் புடிச்சிருந்தா வெடியால ஈரத்தோட சாம்பலைத் தூவு.

— தூவிப்போட்டேனுங்க. நீங்க சாணியில ஒட்டிச் செவுத்துல வெச்சிருந்தீங்களே, அந்தப் பூசணி வெதை இருக்குதுங்களா? நான் போட்டது ஒண்ணுகூட மொளைக்கலை. நேத்து பேஞ்ச மழையில மண்ணு நல்லா எளகியிருக்குது, இன்னிக்கு ஊனிட்டா நல்லதுன்னு பாத்தேன்.

— இந்தா, கைய நீட்டு. பாத்து, முள்ளு. எட்டு வெதை இருக்குது. ரெண்டு ரெண்டா ஊனு.

— மகராசியா இருங்கக்கா. டவுன்ல இப்பக் கொழாயைத் திருகுனாச் சிறுவாணித் தண்ணி கொட்டுதாமுங்க. நாமதான் சொம்புல மோந்து மோந்து ஊத்திக்கிட்டுக் கெடக்கறோம்.

— அந்த மம்பட்டி எதுக்கு? பூசணி வெதைக்கு வெரல் ஆழம் போதுமே.

— பூசணிக்கு இல்லீங்க. ஆனமலையிலிருந்து மில்லுக்காரரு ஒருத்தரு தென்னம்புள்ளை கொண்டாந்து குடுத்திருக்காரு. பொழுதோட நட்டுப்போடலாம், நீ குழியைத் தோண்டி வெய்யின்னாங்க எங்க ஊட்டுக்காரங்க. மூணடி ஆழம் வேணுமாமா. இதா, இந்தத் தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல.

— அங்கயா? அங்க வேண்டாங்கண்ணு.

— ஏனுங்க? கல்லுல ஊத்தற தண்ணியெல்லாம் தானா வந்து பாயுமே.

— சவுக்காரத் தண்ணி. வேரு வெந்துபோகும்.

— தென்னையா வேகும்? எங்க அய்யன் தோட்டத்துல தொவைக்கற கல்லோரம் நின்ன தென்னைதான் குலைகுலையாக் காய்ச்சுது. ஒரு சாண் போயிட்டேனுங்க, மண்ணு பஞ்சாட்ட வருது பாருங்க.

— நாளைக்குக் கொத்தனாரு வந்து செவுரு வெக்கப் போறாங்க. தென்னை பெருத்தா வேரு செவுத்தைப் பொளந்துபோடும். மேக்கால ஓரமா வெய்யி.

— பொளந்தாப் பொளக்கட்டும்! செவுத்தைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்கக்கா. அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு வவுறு பத்தி எரியுது.

— ஏஞ்சாமி இப்படிக் கத்தறே?

— கத்தாம என்ன பண்றதுங்க? ரெண்டு நாளா இதைக் கேக்கோணும் கேக்கோணும்னு இருக்கறேன். ஊர்ப்பெரியவங்க வந்து கயிறு புடிச்சாங்களே, முருங்கைக்கு மேக்கால எல்லைன்னு, அது யாரு சொல்லி? உங்க ஊட்டு ஆம்பளைக்கு முருங்கை எங்க நிக்குதுன்னுகூடத் தெரியாது. எங்க ஊட்டுக்காரங்களுக்கும் தெரியாது. பொழக்கடையில எந்தச் செடி எங்கன்னு தெரிஞ்சவ நீங்க ஒருத்திதான்.

— நாந்தான் சொன்னேன்.

— சொல்லறீங்களே! மூஞ்சிக்கு நேரா சொல்லறீங்களே!

— கேட்டே, சொன்னேன். பொய் சொல்லி என்னத்துக்கு?

— அக்கா, நாலடி. நாலே அடி கயித்தைத் தள்ளிப் புடிச்சிருந்தா அந்த எடம் என்ற பக்கம் வந்திருக்கும். முருங்கையும் வேண்டாம், அதுல ஒரு காயும் வேண்டாம். முருங்கைக்குக் கெழக்கால இருக்கற அந்தக் கனகாம்பரம் பூத்த துண்டு மண்ணு மட்டும்... அங்க என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?

— தெரியும்.

— தெரிஞ்சுமா?

— நீ அங்க என்ன இருக்குதுன்னு நெனைச்சிருக்கறேன்னும் தெரியும். செத்த நேரம் மம்பட்டியைக் கீழ வெய்யி. வெயில் ஏறுது.

— வெக்க மாட்டேன். கை சும்மா இருந்தா அழுதுபோடுவேன். நான் பெத்து ஒம்பதே நாள்ல போச்சே என்ற புள்ளை, அதை எங்க வெச்சாங்கன்னு பெத்தவளுக்குச் சொல்லக்கூடாதுன்னு இந்த ஊட்டுல ஒரு மொறை இருக்குதே, அது எந்தப் பாவி வெச்ச மொறையோ! பெத்தவனும் போகக்கூடாது, பெத்தவளும் பாக்கக்கூடாது. அடுத்த கொழந்தை பொறந்து பல்லு மொளைச்சாத்தான் எடத்தைக் காட்டுவாங்களாமா.

— பெத்தவ கண்ணீரு அந்த மண்ணுல உழுந்தா மறுக்கா வவுறு தொறக்காதும்பாங்க. ஆகாத மொறைதான். ஆனா எனக்கும் அதேதானே நாச்சி. என்ற மொதப் பையனும் இருவது நாளுகூட இருக்கலை. தெய்வாத்தா பொறந்து, அவளுக்கு மொதப் பல்லு எட்டிப் பாத்த அன்னிக்குத்தான் மாமியா என்ற கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி எடத்தைக் காட்டுனாங்க. அது வரைக்கும் ரெண்டு வருசம் இந்தப் பொழக்கடை முச்சூடும் கால் வெக்கப் பயந்துக்கிட்டு நடந்தேன்.

— அப்ப உங்களுக்குத் தெரியோணுமில்லீங்களா அந்த வேதனை! எனக்கு மாமியா இரக்கப்பட்டு முன்னாலயே சொல்லிப்போட்டாங்க. தீட்டுக் கழிஞ்ச மறுநா, நான் சோறு தண்ணி இல்லாம படுத்துக் கெடக்கறதைப் பாத்துப்போட்டு, காதோரம் வந்து, 'முருங்கைக்குக் கெழக்கால, போயி ஒரு சொம்புத் தண்ணி ஊத்திப்போட்டு வா, ஆருகிட்டயும் சொல்லாதே'ன்னாங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் நான் எந்திரிச்சு உக்காந்தேன். பாருங்க, அந்தப் புண்ணியவதி எனக்காக மொறையையே மாத்துனாங்க.

— ம்.

— கனகாம்பரம் கொண்டாந்து வெச்சேன். அஞ்சு வருசம். ஒரு நாள் தவறுனதில்லை. தையில வேலி வந்த பொறகும் முள்ளுக்கு மேல கைய நீட்டிச் சொம்பைச் சாய்க்கறேன். நீங்க பாத்திருப்பீங்க.

— பாத்திருக்கறேன். முள்ளுக் கீறுன கையோட நீ போறதையும் பாத்திருக்கறேன். வேலி ஓரத்துல முள்ளை ஒரு எடத்துல தறிச்சு உட்டது ஆருன்னு நெனைச்சே?

— நீங்களா? ...அப்புறம் ஏனுங்கக்கா? நாளைக்கு ரெண்டாள் ஒசரத்துக்குச் செவுரு வந்துரும். அதுக்கு மேல எப்படிச் சொம்பை நீட்டறது?

— நான் ஊத்தறேன்.

— நீங்க ஊத்தறதும் நான் ஊத்தறதும் ஒண்ணாயிருமா?

— நான் மனசார ஊத்துவேன் கண்ணு. என்ற சொந்தத்துக்கு ஊத்தறாப்புல ஊத்துவேன்.

— எனக்கு வாய்ப்பேச்சு வேண்டாம். இன்னிக்குப் பொழுதோட மூத்தவருகிட்டச் சொல்லுங்க. நாலடி தள்ளிச் செவுரு வெக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. அதுக்குப் பதுலா என்ற பக்கத்துல எது வேணுமோ எடுத்துக்குங்க. இந்தத் தொவைக்கற கல்லு இருக்கற எடத்தை எடுத்துக்குங்க. நீங்கதானே எப்பப் பாத்தாலும் இங்கயே குத்தவெச்சு உக்காந்து கீரை கிள்ளிக்கிட்டு இருப்பீங்க.

— அதை எடுக்க மாட்டேன். அது உன்ற பங்கு. உன்ற பங்காவே இருக்கோணும்.

— உங்க மனசு கல்லா போச்சுங்கக்கா! என்ற பக்கத்துலயும் எதுவும் வேண்டாம், உங்க பக்கத்துல ஒரு பிடி மண்ணும் குடுக்க மாட்டீங்க. என்னதான் வேணும் உங்களுக்கு?

— நாச்சி, எவ்வளவு ஆழம் போயிருக்கறே?

— என்ன?

— குழி. எவ்வளவு ஆழம்?

— முழங்கால் வந்திருச்சு. பேச்சை மாத்தாதீங்க.

— போதும், நிறுத்து. சொன்னாக் கேளு. உனக்குத் தென்னைக்கு நல்ல எடமா நான் காட்டறேன். கெணத்து வாய்க்கால் ஓரமா வெச்சுக்க, தண்ணி நாந் திருப்பி உடறேன், தெய்வாத்தா அய்யன் என்ன சொன்னாலும் செரி.

— இந்த எடத்துமேல உங்களுக்கு என்னக்கா அப்படி ஒரு இது? நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல இப்படி இல்லை. ஒரு நாலஞ்சு வருசமாத்தான் இப்படி. அரைக்கீரையும் தண்டுக்கீரையும் தவுர இங்க ஒண்ணும் வெதைக்க மாட்டீங்க. அவரைக்குப் பந்தக்கால் நடறேன்னேன், கூடாதுன்னீங்க. வாழைக்கன்னு வெக்கறேன்னேன், கூடாதுன்னீங்க. ஒரு குச்சி ஆழமா ஊனக்கூட உட்டதில்லை. மேல மேலத்தான் கொத்தோணும், கையால கொத்தோணும். இப்ப இது என்ற மண்ணு. ஊர்க்காரங்க அளந்து குடுத்த மண்ணு. இங்க எங்க தோண்டோணும், எவ்வளவு தோண்டோணும்னு நீங்க சொல்ல வேண்டாம்.

— உன்ற மண்ணுதான். ஆரு இல்லைன்னா?

— அப்பச் சும்மா இருங்க!

— நாச்சி, உன்ற காலைப் புடிச்சுக் கேக்கறேன். ஒரு வெட்டுக்கூடப் போடாதே.

— வயசுல மூத்தவ, என்ற காலைப் புடிக்கறேன்னு சொல்லலாமா? என்னைப் பாவத்துல தள்ளத்தான் பாக்கறீங்க. தள்ளிக்குங்க, மண்ணு தெறிக்கும்.

— வேண்டாம்...

— அட, என்னமோ டங்குன்னு பட்டுது. கல்லாட்டத் தெரியலை. ஓடு... இல்லையே. அகலு. மண்ணகலுங்கக்கா, முழுசா இருக்குது, கவுத்து வெச்சாப்புல. இதை யாரு இங்க கொண்டாந்து...

— எடுக்காதே! கைய எடு! அதை நகத்தாதே, சாமி, நகத்தாதே!

— ஐயோ, என்னக்கா பண்றீங்க! வேலியை ஏன் பிரிக்கறீங்க? கையெல்லாம் ரத்தம், சீலை கிழியுது. மூத்தவரு வந்து பாத்தா என்னாகும்!

— பாத்தாப் பாக்கட்டும். உட்டுத் தள்ளு. தள்ளு நாச்சி, என்னை உடு. மெதுவா மேல வா. மெதுவா. காலை அழுத்தி வெக்காதே.

— ஏனுங்கக்கா அழுகறீங்க? எனக்குப் பயமா இருக்குது. என்னது அது?

— அதைக் கவுத்து வெச்சது நாந்தான். இந்தக் கையாலதான். மாமியாளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன், உனக்கு இன்னொண்ணு பொறந்து பல்லு மொளைக்கற வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டேன்னு. தொறந்துபோட்டேன். அந்தப் பாவம் என்ற தலையோட போகட்டும்.

— அக்கா...

— நீ படுத்த படுக்கையில செத்துருவியோன்னு பயந்துதான் மாமியா உனக்கு ஒரு எடத்தைக் காட்டுனாங்க. உன்ற கண்ணீரு எங்காச்சும் உழுந்தாகோணுமில்ல. அஞ்சு வருசமா நீ தண்ணி ஊத்துனது என்ற மொதப் பையனுக்கு, கண்ணு. உன்ற புள்ளை இங்க, இந்த அகலுக்கடியில இருக்குது. என்றது எங்கிட்ட, உன்றது உங்கிட்டயே இருக்கட்டும்னுதான் நான் கயித்தை முருங்கைக்கு மேக்கால புடிக்கச் சொன்னேன்.