தங்கச்சி பயந்துட்டா

— நான் பயந்துட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்னது நீதானே, அண்ணா?

— முதல்ல உட்காரு. எப்படி இரைக்குது பாரு. இந்த மாடிக்கே இப்படின்னா, ஒத்தக் கிட்னியோட எப்படி ஏறுவ?

— பேச்சை மாத்தாத. காலையில ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா போன் பண்ணாங்க. ‘கிட்னி தர இஷ்டம் இல்லேன்னா பரவாயில்லம்மா, பொருந்தலேன்னு வீட்டுல நாங்களே சொல்லிக்கறோம்’னு குழந்தைகிட்ட பேசற மாதிரி பேசறாங்க. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.

— சின்னதா ஒரு பொய் சொன்னேன். தப்புதான். உன்னையே கூப்பிட்டுக் கேப்பாங்கன்னு நினைக்கல.

— சின்னதா? தையல் கடையை மூடிப் போட்டுட்டு டெஸ்ட் டெஸ்ட்டுன்னு அலைஞ்சேனே?

— உனக்குப் புருஷன் இருக்கான், புள்ள இருக்கு.

— புருஷனே முதல்ல தர்றேன்னு வந்தார், உன் ரத்தத்தோட சேரல. புள்ள காலேஜ் போயாச்சு. வேற?

— நாளைக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?

— அதையெல்லாம் டாக்டர் பார்த்துச் சொல்லியாச்சு. நீ கிரேன் ஓட்டினவன், டாக்டருக்குப் படிச்சவன் இல்ல. வேற?

— வாயாடி. இந்த வாய்க்குத்தான் உன் கடையில ஈ ஓட்டற.

— நான் சிரிக்க மாட்டேன். அண்ணி என்ன சொல்லிட்டுத் திரியறாங்க தெரியுமா? ‘தங்கச்சி மேல கத்தி படக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் தாங்கறார்’னு. அவங்க ஆபீஸ்ல நீ தெய்வமாம்.

— தெய்வத்துக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான். மூணாவது கேட்டா திட்டு.

— பகல்லயே ஏன் ஜன்னலைச் சாத்தி வச்சிருக்க?

— திறந்தா துறைமுகம் தெரியுது. என் கிரேன் கூண்டுல எவனோ உட்கார்ந்திருக்கான்.

— அதுக்குத்தானே சொல்றேன், ஆபரேஷன் முடிஞ்சா நீயே திரும்பப் போய் உட்காரலாம். நாளைக்கு நானே டாக்டரைப் பார்த்து, எனக்குப் பயமெல்லாம் இல்லேன்னு சொல்லிடறேன்.

— சொல்லாத.

— ஏன்?

— சொல்லாதன்னா விடேன்.

— காரணத்தைச் சொல்லு, விட்டுடறேன்.

— உன்னுதை வாங்கிக்கிட்டா நான் இருந்தாகணும்.

— நீ இருக்கணும்னுதானே தர்றேன்?

— அதான். உனக்கு இருக்க இஷ்டமான்னு என்னை யாரும் கேக்கல. டாக்டர் உப்பைக் கேக்கறார், எடையைக் கேக்கறார். உன் அண்ணி மாத்திரை போட்டாச்சான்னு கேக்கறா. டயாலிசிஸ் மிஷின் யாரோடதும் இல்ல. என்னைக்காவது போதும்னு எழுந்து வந்துடலாம். அந்த நெனப்புலதான் ஒவ்வொரு வாட்டியும் போய்ப் படுக்கறேன். உன் உடம்புல ஒரு துண்டை உள்ள வச்சுக்கிட்டு எப்படிடி போதும்னு சொல்வேன்?

— எப்போலேருந்து இப்படி?

— தெரியல. வேலை போனப்போ இல்ல. அதுக்கு அப்புறம் எப்பவோ. அழறியா?

— இல்ல. தலகாணி எங்க இருக்கு? இன்னைக்கு நான் வீட்டுக்குப் போகல.

— அப்போ கிட்னி?

— அந்தப் பேச்சே இப்போ வேணாம். நாளைக்கு மிஷின்ல படுக்கறதுக்கு முன்னாடி, இப்போ என்கிட்ட சொன்னதை ஒரு வார்த்தை விடாம டாக்டர்கிட்ட சொல்ற. நான் பக்கத்துலயே நிப்பேன்.