கொளுத்து எட்டாத லைஃப் ஜாக்கெட்

ஷிஜு: ஜாக்கெட் போடாம நான் வள்ளத்த எடுக்க மாட்டேன் சாரே.

பிரஜின்: எனக்கு எதுக்குண்ணே அது? நான் கடலோரக் குளச்சல்ல பிறந்த ஆளாக்கும்.

ஜெஸ்லின்: குளச்சல்ல பிறந்தா முங்க மாட்டாங்களா?

பிரஜின்: அது... மிதந்துருவேன்.

கழக்கூட்டத்தில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை பார்க்கும் பிரஜினுக்கும் ஜெஸ்லினுக்கும் கல்யாணம் பேசி, ஒருநாள் தனியாகப் பேசிப் பாருங்கள் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பூவாற்றில் படகில் போகலாம் என்றவள் ஜெஸ்லின்தான். பிரஜின் உடனே சரி என்றான். புதுச் சட்டையும் வாங்கினான். தண்ணீரைப் பற்றி மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது படகோட்டி ஷிஜு ஆரஞ்சு ஜாக்கெட்டை நீட்டியபடி நகர மறுத்து நின்றான்.

ஷிஜு: போடுங்க சாரே. விசிலும் இதில தான் கெட்டியிருக்கு.

பிரஜின்: சரி... போட்டாச்சு. போவோம்.

ஜெஸ்லின்: முன்னால திறந்து கெடக்கே. அந்த பெல்ட்டுக் கொளுத்த மாட்டுங்க.

பிரஜின்: காத்து வரட்டுமேன்னு...

ஜெஸ்லின்: மாட்டுங்க, பாப்போம்.

பிரஜின்: ...எட்டாதுங்க.

ஷிஜு: அதாணா காரியம்? சீட்டுக்கடியில பெரிசு ஒண்ணு உண்டு சாரே.

பிரஜின்: உங்களுக்கு அனுப்புன போட்டோ காலேஜ்ல எடுத்தது. அதுக்கப்புறம் கொஞ்சம்...

ஜெஸ்லின்: கண்டப்பவே தெரிஞ்சுது.

பெரிய ஜாக்கெட் கச்சிதமாகப் பொருந்தியது. படகு தென்னைகளுக்கு நடுவே வளைந்து போய், ஆறு கடலோடு சேரும் பொழி கண்ணில் படுகிற இடத்துக்கு வந்தது. அங்கே எஞ்சின் சட்டென்று நின்றது. படகு தன்பாட்டில் பக்கவாட்டில் திரும்பியது.

ஜெஸ்லின்: என்னாச்சுண்ணே?

ஷிஜு: அறியில்ல. நோக்கட்டே.

பிரஜின்: வள்ளம் கடலுக்கா போகுது?

ஷிஜு: அந்தப் பக்கம் தான் ஒழுக்கு, தண்ணி இழுக்குது.

பிரஜின்: நங்கூரம்... நங்கூரம் இருக்கா?

ஷிஜு: உண்டு, உண்டு. இந்தா போடுதேன்.

ஜெஸ்லின்: பிரஜின், நீங்க தான் மிதப்பீங்களே. நீந்திப் போய் ஆளக் கூட்டிட்டு வருவீங்களா?

பிரஜின்: ஜெஸ்லின்... ஒண்ணு சொல்லட்டா?

ஜெஸ்லின்: சொல்லுங்க.

பிரஜின்: எனக்கு நீந்தத் தெரியாது. முட்டளவு தண்ணி கண்டாலே கையும் காலும் நடுங்கும். அப்பா கடலுக்குப் போறவரில்ல, போஸ்ட் ஆபீஸ்ல வேலை.

ஜெஸ்லின்: அப்போ குளச்சல்?

பிரஜின்: வீடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில.

சொன்னபடியே அவன் கை நடுங்கியது. அந்தக் கையாலேயே படகோரத்தில் தொங்கிய மிதவை வளையத்தை அவிழ்த்து, அவள் மடியில் வைத்தான். பிறகு விசிலை வாயில் வைத்து ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது.

ஜெஸ்லின்: வளையம் உங்களுக்கில்லியா வேணும்?

பிரஜின்: உங்களுக்கு நீந்தத் தெரியுமா?

ஜெஸ்லின்: ...தெரியும். டிஸ்ட்ரிக்ட்ல மெடல் வாங்கியிருக்கேன்.

பிரஜின்: அப்போ நல்லதாப் போச்சு. என்னையும் சேத்து இழுத்துருங்க.

ஷிஜு: ஜெஸ்லின்மோளே, இது போதாதா? முன்னால உன்னப் பாக்க வந்த ஆளு இதுக்குள்ள வளையத்த எடுத்து அவனுக்க கழுத்தில போட்டாச்சு. எஞ்சின ஓட்டட்டா?

ஜெஸ்லின்: ஐயோ அண்ணே... மெல்லச் சொல்லக்கூடாதா?

ஷிஜு: மெல்லத் தான் சொன்னேன். எஞ்சின் ஓடல்லியே, அதான் கேட்டுட்டு.

ஜெஸ்லின்: பிரஜின்... ஷிஜுவண்ணன் எங்க பக்கத்து வீடு. எஞ்சின நிறுத்தச் சொன்னது நான் தான். பாக்க வர்ற ஆளெல்லாம் வீரமாவே பேசிட்டுப் போறாங்க, உள்ளபடி எப்பிடின்னு பாக்கத் தான். தப்பு தான், கோவப்படாதீங்க.

பிரஜின்: அது தெரியும்.

ஜெஸ்லின்: எது?

பிரஜின்: அவரு கையில கெட்டியிருந்த செவப்புக் கயிற இழுத்தாரு, எஞ்சின் நின்னுது. வள்ளத்தில ஏறப் பயந்து ஒரு வாரமா வள்ளம் ஓட்டுற வீடியோ தானே பாத்துட்டிருந்தேன், அந்தக் கயிற இழுத்தா எஞ்சின் நிக்கும்னு அதில தான் கண்டேன்.

ஜெஸ்லின்: தெரிஞ்சுமா இப்பிடி நடுங்குனீங்க?

பிரஜின்: நடுக்கம் நெசம் தாங்க. நீந்தத் தெரியாதுன்னு எப்பிடிச் சொல்லன்னு கரையில வச்சே முழிச்சிட்டிருந்தேன்... நீங்களா ஒரு வசதி பண்ணித் தந்தீங்க, பிடிச்சுக்கிட்டேன்.